வன்னியிலிருந்து கோயம்புத்தூருக்கு: ஆலை இயந்திரம் வாங்கச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பகுதிகளில் மிளகாய்த்தூள் ஆலையோ எண்ணெய்ச் செக்கோ மா அரைக்கும் ஆலையோ தொடங்க நினைப்பவர்கள் இன்று பெரும்பாலும் கோயம்புத்தூரின் பெயரைச் சொல்கிறார்கள். அங்கே இயந்திரத்தைத் தெரிவு செய்வது கடினமல்ல. அதைச் சட்டப்படி வாங்கி, கப்பலேற்றி, கொழும்பில் மீட்டு, ஏ-9 வழியாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. எந்தப் பத்திரம் எதற்கு முன்னர் வேண்டும் என்பதை ஓரிடத்தில் கேட்டு அறிய முடியாமல் நானும் அலைந்தேன். அந்த ஒழுங்கைத்தான் கீழே தருகிறேன். முழுவதற்கும் ஒரே விதி உண்டு: இயந்திரத்தைக் கோவையில் பார்த்து முடிவு செய்யுங்கள், பணத்தை ஊருக்குத் திரும்பிய பின் வங்கியூடாகச் செலுத்துங்கள்.

1. போகத்தான் வேண்டுமா?

வீட்டுக்கு ஒரு வெட் கிரைண்டரோ தோட்டத்துக்கு ஒரு நீர்ப்பம்போ வாங்குவதற்காகக் கோவைக்குப் போகாதீர்கள். இரண்டுக்கும் அந்நகரம் பேர்பெற்றது, கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆயினும் இலங்கை முகவரிடம் வாங்கினால் உத்தரவாதமும் உதிரிப்பாகமும் இங்கேயே கிடைக்கும். பயணச் செலவைக் கூட்டினால் கோவை விலை மலிவாகவும் இராது. மிளகாய் அரைக்கும் பல்வரைசர், வறுக்கும் இயந்திரம், செக்கு, பொதியிடும் இயந்திரம் என இரண்டு மூன்றை ஒன்றாக, உங்கள் விளைபொருளுக்கும் கட்டடத்துக்கும் பொருத்தமாகச் செய்விக்க வேண்டியவர்களுக்கே இந்தப் பயணம் பயன் தரும்.

போக முடிவு செய்தால், புறப்படும் முன் உங்கள் மின்னிணைப்பு ஒருமுனையா மும்முனையா, எத்தனை அம்பியர் என்பதை மின்கட்டணப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 10 குதிரைவலு மோட்டர் என்பது ஏறத்தாழ 7.5 கிலோவாட். அதை ஒருமுனை இணைப்பில் ஓட்டலாம் என்று நம்பி வாங்கிவந்தால், மின்சார சபையில் புதிய இணைப்புக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் இயந்திரம் சாக்கு மூடிக் கிடக்கும்.

2. ஊரில் முடிக்க வேண்டிய பத்திரங்கள்

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருப்பதால் இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் 2025 செப்டெம்பரில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கான சீட்டு ஆகியன தேவை. சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா என்பது நான் விசாரித்தபோது இருந்த கட்டணம்.

வன்னியில் பலருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து பெற்றோருடன் திரும்பியவர்களிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழே இருக்கும். அது மட்டும் போதாது. வம்சாவளிப் பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழும் காட்ட வேண்டும். அந்தப் பதிவு முடியாதவர்கள் வேறு எதையும் தொடங்கும் முன் அதை முடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் இன்னும் இரண்டு காரியங்களை முடிக்கலாம். பிரதேச செயலகத்தினூடாக வணிகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்று, அதைக் கொண்டு சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிந்துகொள்ளுங்கள். பலர் இதைப் பொருள் கப்பலேறிய பிறகு செய்யலாம் என்று விடுகிறார்கள். பதிவு முடியும் வரை பொருள் கொழும்புக் களஞ்சியத்தில் கிடந்து வாடகையை ஏற்றிக்கொண்டிருக்கும்.

கடவுச்சீட்டிலும் வணிகப் பதிவிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். தகப்பன் பெயரை ஓரிடத்தில் முழுமையாகவும் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் எழுதும் நம் வழக்கம் வங்கியில் வினையாகும்.

3. விசா

இலங்கையர் இந்திய அரசின் இணையத்தளத்தில் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். பயணத்துக்கு நான்கு நாட்கள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்று விதி சொன்னாலும், இரண்டு கிழமையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் முத்திரையைப் போட்டுக் கூடுதல் கட்டணம் அறவிடும் போலித் தளங்கள் பல உள்ளன. முகவரி இந்திய அரசுக்குரிய gov.in என்ற எழுத்துகளில் முடிகிறதா என்று பார்த்த பின்னரே அட்டை இலக்கத்தைக் கொடுங்கள்.

இயந்திரம் வாங்கவும் பட்டறைகளோடு பேசவும் செல்பவர் எடுக்க வேண்டியது வணிக இ-விசா. அதற்கு வணிக அட்டையும் கோவை நிறுவனம் ஒன்றின் அழைப்புக் கடிதமும் கேட்பார்கள். இரண்டு மூன்று பட்டறைகளோடு முன்னரே தொலைபேசியில் பேசியிருந்தால் அவர்களில் ஒருவர் கடிதம் தருவார். சுற்றுலா விசாவில் போய், குடிவரவு மேசையில் ‘மெஷின் வாங்க வந்தேன்’ என்று சொல்வது வீண் வில்லங்கம்.

இந்தியாவுக்கு முன்னர் சென்றதுண்டா என்ற கேள்விக்கு, அகதியாக இருந்த காலம் உட்பட, உண்மையையே எழுதுங்கள். ஐயமிருந்தால் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பத்துக்கு முன்னரே கேட்பது நல்லது. 2025 ஒக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் இ-வருகை அட்டையையும் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

4. வழி

கோவைக்கு இலங்கையிலிருந்து நேரடி விமானத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வன்னிக்குக் கிட்டிய வழி பலாலி. அங்கிருந்து சென்னைக்கும், 2025 மார்ச் இறுதி முதல் திருச்சிக்கும் விமானம் தொடங்கப்பட்டது. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் விசா கையில் வருமுன் பயணச்சீட்டு வாங்காதீர்கள். திருச்சியில் இறங்கினால் கோவை ஏறத்தாழ 210 கிலோமீட்டர். பேருந்து உங்களைச் சிங்காநல்லூர் நிலையத்தில் இறக்கும். சென்னையில் இறங்கினால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சேரன், நீலகிரி ஆகிய இரவுப் புகையிரதங்களில் படுத்துறங்கி விடியலில் சேரலாம், ஆனால் படுக்கைக்கு முன்பதிவு அவசியம்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது, வாடைக்காற்றுக் காலத்தில் நின்றுவிடும். இ-விசாவில் நுழைய அனுமதிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் உங்கள் துறைமுகம் இருப்பதை உறுதி செய்யாமல் கப்பல் சீட்டு எடுக்கக் கூடாது.

நாளையும் பார்த்துப் புறப்படுங்கள். ஆயுத பூசை, தீபாவளி, பொங்கல் கிழமைகளில் பட்டறைகள் பூட்டிக் கிடக்கும். வெளிமாநிலத் தொழிலாளர் ஊருக்குப் போய்விட்டால் விடுமுறை முடிந்தும் வேலை சூடுபிடிக்க நாளாகும். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தை ஒட்டி அவிநாசி வீதியிலுள்ள கொடிசியா வளாகத்தில் வேளாண் இயந்திரக் கண்காட்சி நடைபெறுவதால், முதன்முறை போகிறவருக்கு அக்காலமே உகந்தது: நகரெங்கும் அலைந்து பார்க்க வேண்டியதில் ஒரு பெரும் பகுதியை ஒரே கூரையின் கீழ் பார்த்துவிடலாம்.

5. தங்குமிடம், தொலைபேசி, கைப்பணம்

தமிழ் பேசுவதால் நீங்கள் உள்ளூரவர் ஆகிவிடமாட்டீர்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி, 24 மணி நேரத்துக்குள் அவர் பற்றிய விவரத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தொல்லைக்காகவே காந்திபுரத்துச் சிறிய லொட்ஜுகள் பல, கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்கின்றன. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுடன் வருகிறோம் என்று முன்னரே சொல்லிப் பதிவு செய்யுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் இதே கடமை வீட்டுக்காரருக்கு உண்டு.

தொலைபேசி இணைப்புக்குக் கடவுச்சீட்டும் விசாவும் காட்ட வேண்டும், இயங்கத் தாமதமாகலாம். தேநீர்க் கடையிலும் க்யூ-ஆர் அட்டை தொங்கும் அந்நகரில் நம் வங்கிக் கணக்கால் அப்படிச் செலுத்த முடியாதென்பதால் கைச்செலவுக்கு ரொக்கம் தேவை. டொலரைக் கொண்டுபோய் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் மாற்றி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். 5,000 டொலருக்கு மேல் நோட்டாகக் கொண்டுசென்றால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

6. நகரில் எது எங்கே

கோயம்புத்தூர் தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். மேற்குத் தொடர்ச்சி மலை அருகில் இருப்பதால் வன்னி வெயிலில் வாழ்ந்தவருக்கு அங்கே அலைவது கடினமாக இராது. புகையிரத நிலையத்தை நடுவாக வைத்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தெற்கே டவுன்ஹால், ஒப்பணக்கார வீதி, அப்பால் உக்கடம். உக்கடம் தாண்டிப் பொள்ளாச்சி வீதியில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை. வடக்கே காந்திபுரம், அதைத் தாண்டிச் சத்தி வீதியில் கணபதி. கிழக்கே அவிநாசி வீதியில் பீளமேடு, கொடிசியா, விமான நிலையம். வடமேற்கே மேட்டுப்பாளையம் வீதியில் துடியலூர். தங்குவதற்குக் காந்திபுரமே வசதி, எல்லாத் திசைக்கும் பேருந்து கிடைக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்ளுங்கள். குறிச்சியில் காலையும் துடியலூரில் மாலையும் சந்திப்பு வைத்தால் நெரிசலிலேயே பொழுது கழியும். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பகுதிகளின் குறுக்குத் தெருக்களில் மோட்டர், பம்பு, கிரைண்டர் சார்ந்த சிறு பட்டறைகளும் வார்ப்பாலைகளும் நெருக்கமாக இருக்கின்றன. வீதியோரக் காட்சியறையில் பார்க்கும் இயந்திரத்தின் பாகங்கள் இத்தகைய தெருக்களில் உருவாகுபவைதான். வாங்கும் முன் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்ப மையத்தில் பேசிப் பாருங்கள். விற்கும் நோக்கம் இல்லாதவரிடம் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கக் கிடைப்பது அரிது.

7. பட்டறையில் கவனிக்க வேண்டியவை

மணிக்கு இத்தனை கிலோ என்று சொல்லப்படும் அளவு, நன்கு காய்ந்த பொருளைப் பெரிய சல்லடையில் அரைத்தால் வருவது. உங்களுக்கு வேண்டிய மென்மையில் எவ்வளவு வரும் என்பதை ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும். அதற்காக ஊர் மிளகாயையோ எள்ளையோ பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி விமான நிலையத்தில் பறிக்கப்படலாம். உக்கடம், டவுன்ஹால் பக்கத்துக் கடையில் போதிய அளவு வாங்கிப் போய் உங்கள் முன்னே அரைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுத் தூளைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு ஏறினால் மிளகாயின் நிறமும் மணமும் போய்விடும்.

உணவு படும் பாகம் 304 தரத் துருவேறா உருக்காக இருக்க வேண்டும். காந்தத்தை வைத்து ‘ஒட்டவில்லை, பார்த்தீர்களா’ என்று காட்டுவார்கள். மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால் அது சான்றாகாது. தரத்தை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரை விட்டுவிட்டு அடுத்த பட்டறைக்குப் போகலாம். மோட்டரின் சுற்று செம்பா அலுமினியமா என்பதையும் அவ்வாறே எழுத்தில் பெறுங்கள். இரு நாட்டிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மோட்டர் நம் இணைப்பில் ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டிவரும்.

பெயரிங்கும் வி-பெல்ட்டும் பொது அளவில் இருந்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கலாம். அளவு எண்களைக் குறித்துவாருங்கள். பட்டறைக்கே உரிய அளவில் செய்யப்படும் சல்லடைகளையும் அடிப்பான்களையும் இயந்திரத்தோடு சேர்த்தே இரண்டு தொகுதி கேட்டு வாங்குங்கள். பிறகு தனியாக வரவழைத்தால் கூலி விலையை மிஞ்சும்.

8. விலையும் பணமும்

முதலில் சொல்லப்படும் விலை பட்டறை வாசலில் எடுக்கும் விலை, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. எனப்படும் இந்தியச் சரக்கு, சேவை வரி வரும். ஏற்றுமதிப் பொருளுக்கு இந்த வரியைச் சுமக்காமல் பட்டியல் எழுத வழியுண்டு, ஆனால் விற்பவரிடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் இருக்க வேண்டும். சிறு பட்டறைகள் பலவற்றிடம் அது இல்லை. அப்படியானால் குறியீட்டெண் உள்ள ஏற்றுமதி வணிகர் ஒருவர் தம் பெயரில் வாங்கி அனுப்புவார், அவருக்குத் தரகுப் பணம் கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பட்டியலில் வரியோடு வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரொக்கமாகத் தந்தால் விலை குறைப்பதாகச் சிலர் சொல்வார்கள். ஒரு கொடுக்கல் வாங்கலில் 2 இலட்சம் இந்திய ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை இந்திய வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, ரொக்கத்தில் முடிந்த வியாபாரத்துக்கு வங்கிப் பத்திரம் இராது. கொழும்புச் சுங்கத்தில் விலையை நிறுவ உங்களிடம் எதுவும் இருக்காது. வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல் வழியும் இதே காரணத்தால் ஆகாது.

சரியான முறை இதுதான். ‘புரோபோமா இன்வொய்ஸ்’ எனப்படும் முன்விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். அதில் இயந்திரத்தின் முழு விவரம், சுங்க வகைப்பாட்டு எண், விநியோகக் காலம், வங்கிக் கணக்கு, விலை எந்த இடம் வரைக்கும் என்பன இருக்க வேண்டும். பட்டறை வாசல் வரையா, தூத்துக்குடியில் கப்பலேற்றும் வரையா, கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துக் கொழும்பு வரையா என்பதைப் பொறுத்து அதே இயந்திரத்துக்கு மூன்று விலை வரும். மூவரிடம் விலை கேட்பவர் ஒரே இடத்துக்கான விலையையே மூவரிடமும் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலை ஊருக்குக் கொண்டுவந்து, வங்கியூடாக முற்பணத்தை அனுப்பி, மீதியைப் பொருள் தயாரானதும் ஓடும் காணொளியைப் பார்த்த பின் அனுப்புங்கள். பட்டியலில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். பொருள் வந்ததும் சுங்கப் பத்திரத்தின் பிரதியை வங்கி கேட்கும், அதைத் தவறவிட்டால் அடுத்த முறை பணம் அனுப்பச் சிரமமாகும்.

9. கப்பலும் சுங்கமும்

முற்பணம் அனுப்பும் முன்னரே, வாஃப் கிளார்க் என்று எல்லோரும் சொல்லும் சுங்க முகவர் ஒருவரைக் கொழும்பில் பிடித்து, முன்விலைப்பட்டியலை அவருக்கு அனுப்பி, மொத்த வரியை எழுத்தில் கேளுங்கள். இறக்குமதித் தீர்வை இயந்திரத்தின் வகைப்பாட்டு எண்ணுக்கு ஏற்ப மாறும். தானியம் அரைக்கும் ஆலை இயந்திரங்கள் 8437 என்ற தலைப்பில் வருவன. தீர்வை இல்லாவிட்டாலும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் உண்டு. வரிக் கணக்கில் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேரும். இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகை உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துமானால், பொருள் இந்தியாவில் உற்பத்தியானது என்பதைக் காட்டும் தோற்றச் சான்றிதழ் தேவை. அதை ஏற்றுமதியாளரிடம் முன்விலைப்பட்டியல் பேசும்போதே கேளுங்கள். பயன்படுத்திய இயந்திரத்துக்கு விதிகள் வேறு, முகவரின் பதில் கிடைக்கும் வரை அதற்கு விலை பேசவே வேண்டாம்.

தனிக் கொள்கலனை நிரப்ப முடியாதவரின் பொருள், பிறர் சரக்கோடு சேர்ந்து ஒரே கொள்கலனில் வரும். தூத்துக்குடியிலிருந்து கப்பல் கூலி வியக்கும்படி மலிவாகச் சொல்லப்படும். அதில் மயங்காதீர்கள். கொழும்பில் கொள்கலனைப் பிரித்தல், கையாளுதல், ஒப்படைப்புக் கட்டளை என்ற பெயர்களில் அந்த மலிவு திரும்ப அறவிடப்படும். எனவே, இரு முனைக் கட்டணங்களையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். மரப்பெட்டியில் கட்டுவதாயின் பலகை பதப்படுத்தப்பட்டதற்கான கோதுமைக்கதிர் முத்திரை இருக்க வேண்டும். கட்டும்போதே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு, தோற்றச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் எடையும் பொதி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கப்பல் புறப்படும் முன் வரைவிலேயே சரிபாருங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி குறுகியதென்பதால் பொருள் பத்திரங்களுக்கு முன்னே வந்து நிற்பது சாதாரணம், களஞ்சியத்தில் இலவச நாட்களோ சிலவே.

பொருள் வெளிவரும் நாளில் ஒருவராவது கொழும்பில் நில்லுங்கள். பெட்டி உடைந்தோ நனைந்தோ இருந்தால் லொறியில் ஏற்றும் முன் களஞ்சியத்திலேயே எழுத்தில் பதிவு செய்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து வைத்து வெளியே எடுத்த பிறகு காப்புறுதிக் கோரிக்கை செல்லாமல் போகலாம். மரக்கறியும் நெல்லும் கொழும்பில் இறக்கிவிட்டுக் கிளிநொச்சிப் பக்கத்துக்குத் திரும்பும் லொறிகள் கிடைக்கும், கூலியும் குறைவாக இருக்கும். ஆனால் ஊரில் அந்தப் பாரத்தை இறக்க என்ன ஏற்பாடு என்பதை லொறி கொழும்பை விடும் முன்னரே முடித்துவிடுங்கள், ஏனெனில் சாரதிகள் காத்திருப்புக் கூலியை மணிக்கணக்கில் கேட்பார்கள்.